செக்ரோல் தெரிந்தவருக்கு ஆப்ஜெக்ட் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் என்னென்ன கணினிப் படிப்புக்குப் போகலாம் என்று உங்கள் ஞாயிறு கல்விப் பக்கத்தில் ஒரு பட்டியல் பார்த்தேன். எங்கே, எத்தனை வருஷம், கட்டணம் எவ்வளவு, கடனுதவி உண்டா, எல்லாம் இருந்தது. படித்து முடித்து வெளியே வரும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பது மட்டும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. கல்லூரிகள் அச்சடித்துக் கொடுக்கிற தாளிலேயே அது ஒழுங்காக இருப்பதில்லை, நீங்கள் எங்கே போய் எடுப்பீர்கள்?

நான் பாடாங் செராய்க்காரன். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பக்கத்துக் கூலிம் ஹைடெக் பார்க்கில் சோதனை இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது வீட்டு முன்கூடத்தில் சாயங்காலம் நாலைந்து டிப்ளோமா பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். என் அக்கா மகளும் அதில் ஒருத்தி. எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் படித்தாக வேண்டும். 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் அறிமுகம்' (தகவலும் அதைக் கையாளுகிற வேலையும் சேர்ந்த ஆப்ஜெக்ட் என்ற துண்டுகளாகப் புரோகிராம் எழுதுகிற முறை) என்ற பாடத்தில் தேறாமல் போய், மறுதேர்வுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அக்காவுக்குப் புரியவே இல்லை. "தம்பி, நாலு தூணையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றா, அப்புறம் எப்படிப் ஃபெயிலு?" என்று என்னையே கேட்கிறார்.

நாலு தூண் என்று சொல்வது என்கேப்சுலேஷன் (தகவலைக் காப்பது), அப்ஸ்ட்ராக்ஷன் (தேவையானதை மட்டும் வெளியே காட்டுவது), இன்ஹெரிட்டன்ஸ் (ஒன்றிலிருந்து ஒன்று பெறுவது), பாலிமார்ஃபிசம் (ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஆள் தன் விதத்தில் பதில் சொல்வது). நாலுக்கும் விளக்கம் அவளுக்கு மனப்பாடம். அது உண்மைதான். நான் அவளுடைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஜாவா என்ற புரோகிராம் மொழியில் தொழிலாளி என்று ஒரு கிளாஸ், அதாவது ஆட்களை வார்க்கிற அச்சு, எழுதி, அதிலிருந்து மூன்று ஆட்களை (இவர்கள்தான் ஆப்ஜெக்ட்) உருவாக்கி, கண்ணம்மா, செல்லாயி, ராமாயி என்று பெயர் கொடுத்து, மூன்று பெயரையும் அச்சிடச் சொல்லியிருந்தாள். திரையில் வந்தது ராமாயி, ராமாயி, ராமாயி.

ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை. நான் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தேன், பெயர் என்கிற அந்த வரிக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல் நின்றுகொண்டிருந்தது. இதை ஏன் போட்டாய்? "சிவப்புக் கோடு வந்துச்சு மாமா, அதுவே ஸ்டாட்டிக் போடவான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன், கோடு போயிடுச்சு." ஜாவா சொல்லிக்கொடுத்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். 'ஸ்டாட்டிக் இல்லாததை ஸ்டாட்டிக் இடத்திலிருந்து தொட முடியாது' என்று கம்பைலர், அதாவது எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கிற மென்பொருள், கத்தும், பிள்ளை பயந்துபோய் எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் ஆக்கும், கத்தல் நிற்கும், புரோகிராமும் செத்துப்போகும்.

இதை நான் எப்படிச் சொன்னேன் என்றால், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். அது ஒன்றே ஒன்று. யார் வந்து எழுதினாலும் முன்னால் எழுதியது அழிந்து கடைசியாக எழுதியதுதான் நிற்கும். அதுதான் ஸ்டாட்டிக். ஆனால் சம்பளச் சிட்டை ஆளுக்கு ஒன்று. கண்ணம்மா சிட்டையில் எழுதினால் ராமாயி சிட்டை மாறாது. பெயரைக் கரும்பலகையில் எழுதுவாயா, சிட்டையில் எழுதுவாயா? ஒரு நிமிஷம் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை அழித்தாள். ஒரு செமஸ்டர் முழுக்க அந்தக் கரும்பலகையையும் சிட்டையையும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பிறகு அந்தப் பாடத்தின் கற்றல் இலக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்று வரி. கருத்துகளை விளக்குவர், கருத்துகளைப் பயன்படுத்திப் புரோகிராம் எழுதுவர், குழுவாகச் செயல்படுவர். பக்கத்தில் சி2, சி3 என்று குறி. இந்தக் குறி என்னவென்று தெரியாத பெற்றோருக்குச் சொல்கிறேன். 1956-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூம் என்பவரும் கூட இருந்தவர்களும் கற்றலுக்கு ஓர் ஏணி போட்டார்கள். அடிப்படி நினைவில் வைப்பது, அடுத்து புரிந்துகொள்வது, மூன்றாவது பயன்படுத்துவது, அப்படியே மேலே ஆறு படி. 2001-ல் அதைத் திருத்தி, புதிதாக ஒன்றைப் படைப்பதை உச்சிப்படியில் வைத்தார்கள். நம் நாட்டுக் கல்லூரித் தாள்களில் வருகிற சி-க்குப் பின்னால் இருக்கிற எண் அந்தப் படிதான். ஆக, இந்தத் தாள் மூன்றாம் படி வரை ஏற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கிறது. அவளுடைய பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'விளக்கம் தருக', 'வேறுபாடு எழுதுக'. மனப்பாடம் செய்து எழுதினால் அது முதல் படிதான். மீதி இருக்கிற கேள்விகளுக்குத் திடீரென்று மூன்றாம் படியில் ஏறு என்றால் பிள்ளை எப்படி ஏறும்? தாளில் ஒன்று, வகுப்பில் ஒன்று, தேர்வில் இன்னொன்று.

எடுத்துக்காட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு, நாய் குரைக்கும், பூனை கத்தும். பல வருஷமாக இதுதான். இதில் என்ன சிக்கல் என்றால், இந்த நாய்க்கு ஒரு வேலையும் இல்லை. குரைப்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, யாருக்கும் அது பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தகவல் யாரிடம் இருக்க வேண்டும், எந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்காமலே இந்த நாயை எழுதிவிடலாம். ஆனால் பாடமே அந்த யோசனைதானே!

இந்த ஆப்ஜெக்ட் முறை பிறந்த கதையைப் பார்த்தாலே தெரியும். 1960களில் ஓஸ்லோவில், நார்வே கணினி மையத்தில், ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர் என்ற இரண்டு பேர் சிமுலா என்ற மொழியைக் கட்டினார்கள். எதற்கு? வரிசையில் நின்று, ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, தன் வேலையைத் தான் செய்கிற பல பேரும் பல பொருளும் கலந்த இடங்களைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கு. கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒன்றிலிருந்து ஒன்று பெறுவது எல்லாம் சிமுலா 67-லேயே வந்துவிட்டது. கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதை 2001-க்கு அவர்களுக்குக் கொடுத்தார்கள், அடுத்த வருஷமே இரண்டு பேரும் காலமானார்கள். பிறகு ஆலன் கே என்ற கணினி விஞ்ஞானி ஸ்மால்டாக் என்ற மொழியோடு வந்தார். ஆப்ஜெக்ட் என்ற பெயரைப் பிரபலமாக்கியவரே அவர்தான், ஆனால் அந்தப் பெயரால் ஜனங்கள் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதுதான் பெரிய விஷயம் என்று பின்னாளில் வருத்தப்பட்டார். சிமுலாவைப் பார்த்துத்தான் ஸ்ட்ராஸ்ட்ரப் என்ற கணினி விஞ்ஞானி 1979-ல் சி மொழிக்குள் கிளாஸைச் சேர்க்க ஆரம்பித்தார், அது சி பிளஸ் பிளஸ் ஆனது. 1995-ல் ஜாவா. ஆக ஆரம்பமே வேலை நடக்கிற இடம்தான். நாய் பூனை எப்போது நடுவில் நுழைந்ததோ தெரியாது.

வேலை நடக்கிற இடம் என்றால் நமக்குத் தோட்டத்தைவிட வேறு என்ன இருக்கிறது? பள்ளி விடுமுறையில் நான் கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு, செக்ரோல் என்கிற வருகை, சம்பளப் பதிவேட்டைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். அதே செக்ரோலை எடுத்துத்தான் அக்கா மகளுக்கு முதல் பாடம் வைத்தேன். காலையில் பெரட்டு, யார் வந்தார் யார் வரவில்லை. பால்மரம் வெட்டுகிறவருக்குக் கிலோ கணக்கு, அதுவும் கொண்டுவந்த பாலின் எடை இல்லை, மாதிரி எடுத்துப் பார்த்து அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்ற கணக்கு. செம்பனையில் குலை வெட்டுகிறவருக்கு வெட்டிய அளவுக்குக் காசு. புல் வெட்டுவது போன்ற வெளிக்காட்டு வேலைக்கு நாள் கூலி. மாதக் கடைசியில் கிராணி என்ன செய்கிறார்? பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து ஒவ்வொருவருக்கும் சம்பளம் என்ன என்று கேட்கிறார். கேள்வி ஒன்றுதான், கணக்குப் போடுகிற விதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இதுதான் பாலிமார்ஃபிசம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா மாமா?" என்றாள். இவ்வளவுதான். கிராணி 'நீ வெட்டுக்காரரா, வெளிக்காட்டா' என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்து இஃப், எல்ஸ் இஃப் (இப்படியென்றால் இது, அப்படியென்றால் அது) என்று நீட்டிக்கொண்டு போனால், நாளைக்கு நர்சரி வேலை என்று ஒரு புது வேலை வந்ததும் கிராணியின் புரோகிராமையே உடைத்துத் திருத்த வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அதன் கணக்கு தெரிந்திருந்தால் கிராணி பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போகலாம். புது வேலை வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

என்கேப்சுலேஷனும் அப்படித்தான். எல்லாவற்றையும் பிரைவேட் (வெளியார் தொட முடியாதது) ஆக்கு, பிறகு எல்லாவற்றுக்கும் கெட், செட் (வெளியார் எடுக்க ஒன்று, மாற்ற ஒன்று) எழுது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதை. செக்ரோலில் வந்த நாள் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் மாற்ற முடியுமா? பெரட்டில் பதிந்தால் ஒன்று கூடும், அவ்வளவுதான் வழி. அதனால் 'நாளை வை' என்று ஒரு கதவே இருக்கக்கூடாது, 'பெரட்டு பதி' என்ற கதவு மட்டும் இருக்க வேண்டும், அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை பதிந்தால் மறுக்க வேண்டும். தகவலைக் காப்பது என்றால் இதுதான். விளக்கம் எழுதி நாலு மார்க் வாங்குகிற பிள்ளைக்கு இந்தக் கதவை வைக்கத் தெரியாது.

இன்ஹெரிட்டன்ஸில்தான் பெரிய வம்பு. வகுப்பில் அதற்கு மூன்று வாரம், அதுதான் ராஜா மாதிரி. சரி, அவளும் தொழிலாளி என்று மேலே ஒன்று வைத்து, கீழே வெட்டுக்காரர், குலைக்காரர், வெளிக்காட்டு என்று மூன்று பிள்ளை கிளாஸ் எழுதிவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. நான் கேட்டேன், கண்ணம்மா காலையில் மரம் வெட்டிவிட்டு மத்தியானம் புல் வெட்டப் போனால்? விழித்தாள். அடுத்த வருஷம் கண்ணம்மாவை மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர், ஆக்கினால்? இன்னும் விழித்தாள். ஏனென்றால் ஜாவாவில் வெட்டுக்காரராக உருவான ஆப்ஜெக்ட் சாகும்வரை வெட்டுக்காரர்தான், நடுவில் கிளாஸ் மாற முடியாது. பழைய கண்ணம்மாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்டோர் கண்ணம்மா என்று புதிதாகச் செய்து, பழைய தகவலை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒன்றை மறந்தாலும் பதினெட்டு வருஷ சர்வீஸ் போச்சு. (தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் நிஜத்திலும் அப்படி ஆனவர்கள் உண்டு. அதற்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.)

சரியான வழி, கண்ணம்மா ஒரு ஆள், அவளிடம் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கு இந்த வேலை, நாளைக்கு அந்த வேலை, இரண்டும்கூட இருக்கலாம். ஆள் வேறு, ஆள் செய்கிற வேலை வேறு. சம்பளம் கேட்டால் ஆள் தன்னிடம் இருக்கிற வேலைகளைக் கேட்டுக் கூட்டிச் சொல்வாள். இப்படி ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டுவது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிறப்பிப்பதைவிடப் பெரும்பாலும் நல்லது என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் ஃபேக்டரியில் இருந்த காலத்தில் ஆறு ஏழு தலைமுறைக்குப் போகிற கிளாஸ் குடும்பத்தைத் திருத்தப் போய், கொள்ளுத்தாத்தாவில் ஒரு வரியை மாற்றி, எங்கேயோ இருந்த பேரப்பிள்ளை இயந்திரம் நின்றுபோய், இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவன் நான். அறிமுகப் பாடத்தில் இன்ஹெரிட்டன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் வரட்டும், எப்போது வேண்டாம் என்பதோடு சேர்ந்து வரட்டும்.

அப்படியானால் இலக்கு என்று நீ எதை எழுதுவாய் என்று கேட்பீர்கள். நானாக இருந்தால் 'விளக்குவர்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு, இப்படி எழுதுவேன்: வேறொருவர் எழுதிய ஐந்தாறு கிளாஸ் உள்ள புரோகிராமைக் கொடுத்தால், எந்த ஆப்ஜெக்ட் எதை வைத்திருக்கிறது, யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று மாணவர் பெட்டியும் அம்புமாகத் தாளில் வரைந்து காட்டுவார். இது முதலில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். ஏனென்றால் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சமம் என்று எழுதினால் சிட்டை இரண்டாவதில்லை, ஒரே சிட்டையை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியாது. தெரியாமலே டிப்ளோமா முடிக்கிறார்கள். அப்புறம், ஒரு பக்கத்தில் எழுதிய ஒரு வேலையிடத்தை, அது தோட்டமோ கோயில் அன்னதானமோ ஒட்டுக்கடையோ, வாசித்து எதெல்லாம் கிளாஸ் ஆக வேண்டும், எது வெறும் எண், எது தேவையே இல்லை என்று பிரித்து, பிரித்ததற்குக் காரணமும் சொல்வார். காரணம் முக்கியம், பதில் ஆளுக்கு ஆள் மாறலாம். எழுதிய கிளாஸ் சரியா என்று தானே சின்னச் சின்னச் சோதனை எழுதிப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, விதி மாறினால் தன் புரோகிராமை மாற்றுவார். இதற்குத்தான் நான் பாதி மார்க் வைப்பேன். தேர்வுக்கு முந்தின வாரம் செக்ரோல் புரோகிராமை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியது. தேர்வு நாளில், ரப்பர் விலை இன்ன அளவுக்கு மேலே போனால் வெட்டுக்காரருக்குக் கிலோவுக்குக் கூடுதல் காசு, மழையால் வெட்டு நின்ற நாளில் வெளிக்காட்டுக் கணக்கில் கூலி, இரண்டு மணி நேரம், மாற்று. நல்லபடி கட்டியிருந்தால் இரண்டு இடத்தில் கை வைத்தால் போதும். மோசமாகக் கட்டியிருந்தால் இருபது இடம். ஏன் இந்தப் பாடத்தைப் படிக்கிறோம் என்பது அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும். இப்போது ஏஐயிடம் கேட்டால் எந்தக் கிளாஸையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது, ஆகவே வீட்டில் எழுதிக் கொண்டுவருகிற பயிற்சிக்கு மார்க் போடுவதில் அர்த்தமே இல்லை. எதிரில் உட்காரவைத்து 'இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்' என்று ஐந்து நிமிஷம் கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தால் அரை நாள் போகும், விரிவுரையாளர்களுக்குக் கஷ்டம்தான், அவர்களுக்கு வேறு தாள் வேலைகளும் ஏராளம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும்.

இன்னொன்று, மொழி. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்குப் போய், கல்லூரியில் ஆங்கிலத்தில் விழுகிறார்கள். ஆப்ஜெக்டும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் தலையில் இறங்குகிறது. ஜாவா ஆரம்பத்திலிருந்தே யூனிகோட்டை (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற முறை) ஏற்கிற மொழி என்பது நிறைய பேருக்குத் தெரியாது. கிளாஸுக்கு 'தொழிலாளி' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், ஓடும். பைத்தான் என்ற மொழியின் மூன்றாம் பதிப்பிலும் அப்படியே. விண்டோஸில் பழைய ஜாவா என்றால் ஃபைல் யூடிஎஃப்-8 (யூனிகோட்டைச் சேமிக்கிற வடிவம்) என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, 18-ஆம் பதிப்பிலிருந்து அந்தத் தொல்லையும் இல்லை. நான் வைத்துக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் எது ஜாவாவின் சொல், எது நான் வைத்த பெயர் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பளிச்சென்று பிரிந்தது. வேலைக்குப் போனால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அது வேறு. முதல் இரண்டு வாரம் இப்படி இருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரி திறந்த நாளில் போனால் ஜாவா சொல்லித் தருவீர்களா, பைத்தான் உண்டா என்று கேட்காதீர்கள். போன செமஸ்டர் பிள்ளை எழுதிய ஒரு புரோகிராமைக் காட்டுங்கள், தேர்வுத்தாள் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் பக்கத்து மேசைக்குப் போங்கள்.

கடைசியாக, செக்ரோல் புரோகிராம் ஒருவழியாக ஓட ஆரம்பித்ததும் அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா முப்பது வருஷம் மரம் வெட்டியவர், படிப்பு மூன்றாம் வகுப்பு. பேத்தி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள், கண்ணம்மா, இத்தனை நாள், இத்தனை கிலோ, இத்தனை ரிங்கிட். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்லாம் சரி ஆயி, கட்டிப்பால் காசு எங்க?" என்றார். பால் வடிகிற மங்கிலேயே (கிண்ணத்திலேயே) உறைந்துபோகிற பாலுக்குத் தனி எடை, தனி விலை. நானும் மறந்திருந்தேன், இத்தனைக்கும் செக்ரோல் கூட்டியவன். அவள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து திருத்தினாள். வெட்டுக்காரர் கிளாஸில் மட்டும் ஏழு வரி சேர்ந்தது. கிராணியைத் தொட வேண்டியிருக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
பாடாங் செராய், கெடா